ஜவாத் சேர் பார்த்த பக்கம்

மகன்,

சலாம் சொல்லித் தொடங்குகிறேன். வாப்பா சுகம், தம்பி சுகம், என் முழங்கால் மட்டும் வழமைபோல. இதையெல்லாம் நேற்றும் போனில் சொன்னீங்களே, பிறகென்ன கடிதம் என்று நீ சிரிப்பாய். சிரி. போனில் உன்னோடு ஒரு விசயத்தை முழுதாகச் சொல்ல முடிகிறதா? நான் மூச்சு வாங்குவதற்குள் "சரி உம்மா, விளங்குது உம்மா, டியூட்டிக்கு நேரமாகுது உம்மா" என்று வெட்டிவிடுவாய். கடிதத்தை உன்னால் வெட்ட முடியாது. தைக்கக் கொடுத்த துணியெல்லாம் மெசினுக்குப் பக்கத்தில் குவிந்து கிடக்கிறது, கொடுத்தவர்கள் வந்து ஏசப்போகிறார்கள். ஏசட்டும். சனிக்கிழமை கடற்கரையில் நடந்ததை உனக்கு எழுதி முடிக்கும்வரை என் கை ஒரு தையலும் நேராகப் போடாது. நடந்ததில் பாதி உனக்குத் தெரியும், போனுக்குள் இருந்து நீயும் பார்த்தாய். மற்றப் பாதியை உனக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள், ஏனென்றால் அதைப் பார்த்தவள் நான் ஒருத்திதான்.

முதலில் ஒரு விசயத்தைப் பேசி வைத்துவிடுகிறேன். ஜவாத் சேர் மவுத்தாகிக் கண்மூடிய நாளிலிருந்து, அவரிடம் படித்த பிள்ளைகளுக்குப் பந்து சொல்லிக்கொடுக்க ஆளில்லை. பின்னேரங்களில் மணலுக்கு வருகிறார்கள், ஆளுக்கு ஆள் சண்டை பிடிக்கிறார்கள், போகிறார்கள். பெற்றோர் எல்லாரும் கூடி அவருடைய இடத்துக்கு உன்னைக் கேட்டார்கள். "சேர்ட இடத்துல நிக்க என்னால ஏலா" என்று நீ சொல்லிவிட்டாய். அடுத்த மாதம் உன் கலியாணத்துக்கு வருகிறாய், கலியாணம் முடிய கட்டாருக்குத் திரும்புவதா, இங்கேயே நிற்பதா என்பதையும் இன்னும் நீ முடிவு செய்யவில்லை. சேர் பேரில் வைக்கிற நினைவுக் கிண்ண ஆட்டம் முடியும்வரை பொறுப்போம், அதற்குள் யாரும் வராவிட்டால் பிள்ளைகளைக் கலைத்து வேறு வேறு கழகங்களில் சேர்த்துவிடுவோம் என்று ஊரில் பேச்சு. இப்போது கிண்ணமும் முடிந்துவிட்டது. இதற்காகத்தான் உம்மா எழுதுகிறாள், கெஞ்சப்போகிறாள் என்று நினைக்காதே. கெஞ்சுவது எனக்குப் பழக்கமில்லை, உன் வாப்பாவைக் கேட்டுப் பார்.

சேர் பெனல்டி பார்ப்பதில்லை என்பது உனக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். காலையில் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம், பின்னேரம் கடற்கரையில் பந்து என்று இருந்த மனிதன். மழையென்றாலும் சைக்கிளில் வந்து நிற்பார். ஆட்டம் முழுக்கக் கண் இமைக்காமல் பார்ப்பார். நடுவர் பந்தைப் பெனல்டிக்கு வைத்ததும் மட்டும் கோலுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றுவிடுவார். சனம் அவருக்குப் பயம் என்று பகிடி பண்ணும். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஒருநாள் ஜேர்ஸி எடுக்க வீட்டுக்கு வந்தபோது வாய்விட்டே கேட்டேன். "ஏன் சேர், நெஞ்சு தாங்காதா?" மனிதன் பிளேன்டித் தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டுச் சிரித்தார். "பந்தப் பாக்க இவ்வளவு சனம் இரிக்கிதே, தங்கச்சி. நான் வெளியில நிக்கிற புள்ளையளப் பாக்கிறன். ஆர்ட தோள் தன்னறியாமச் சாயுது, ஆர்ட கால் மண்ணுக்குள்ள உதைக்கிது எண்டு அந்த நேரந்தான் தெரியும். அவனத்தான் அடுத்த வருசம் டீமுக்கு எடுக்கிறது." உன்னை அவர் எடுத்ததும் அப்படித்தான். நீ வேலியில் தொங்கிக்கொண்டு ஐஸ்பழம் சப்பிக்கொண்டிருந்தாயாம். பந்து உதைபட்டதும் ஐஸ்பழத்தை எறிந்துவிட்டு வேலியிலிருந்தே இடது பக்கம் பாய்ந்தாயாம். முழங்கை கிழிந்து இரத்தத்தோடு உன்னை வீட்டுக்குக் கூட்டிவந்தார். எனக்கு வந்த கோபத்தில் நான் ஏசத் தொடங்கினேன். மனிதன் உன் விருப்பத்தையும் கேட்கவில்லை, என் விருப்பத்தையும் கேட்கவில்லை. "இவன்ட அளவ எடுங்க. கோல் கீப்பர் ஜேர்ஸி. கை கொஞ்சம் நீளமா வெட்டுங்க, வளருவான்" என்றார். அவ்வளவுதான். நீ கோல் காப்பாளன் ஆகிவிட்டாய், நான் ஒரு முழு அணிக்கும் தையற்காரி ஆகிவிட்டேன்.

ஆனால் ஒரு பழக்கம் உன்னைவிட்டுப் போகவே இல்லை. அவசரம். எதிராளி ஓடி வரத் தொடங்கினாலே நீ பாய்ந்துவிடுவாய். அட்டாளைச்சேனைப் பிள்ளைகளோடு விளையாடியபோது நீ ஒரு பக்கம் மணலில் கிடக்க, பந்து நடுவால் ஆறுதலாக உருண்டு உள்ளே போனதை நானே கண்ணால் பார்த்தேன். எங்கள் பெண்கள் பக்கமே சிரித்தது, நான்தான் முதலில் சிரித்தேன். சேர் ஏசவில்லை. அடுத்த பின்னேரத்திலிருந்து ஒரு விளையாட்டுத் தொடங்கினார். பந்தை வைத்துவிட்டு ஓடி வருவார், கிட்ட வந்ததும் குனிந்து சப்பாத்துக் கயிறு கட்டுவார். நீ அதற்குள் மணலில் கிடப்பாய். எழும்பு, திரும்ப நில். மறுபடி ஓடி வருவார், பந்துக்குப் பக்கத்தில் நின்று தும்முவார். நீ மறுபக்கம் கிடப்பாய். "பொறு மனே. அவன் உதைக்கட்டும். அவன் உதைக்காம நீ எங்க போறாய்?" வீட்டுக்கு வந்து வாய் நிறைய மண்ணோடு என்னிடம் அவரைத் திட்டுவாய். பிறகு ஒருநாள் நீயும் பழகிவிட்டாய். கலியாணம் முடிக்கப்போகிறவனுக்கு இதைவிட நல்ல புத்தி நான் எங்கே தேடிப் பிடிக்க? உன் வாப்பா இன்னும் இதைப் பழகவில்லை. நான் வாய் திறந்தாலே அவர் ஒரு பக்கம் பாய்ந்துவிடுவார், நான் சொல்ல வந்தது வேறெதுவோவாக இருக்கும். வரப்போகிறவள் ஒன்றைச் சொல்லத் தொடங்கினால் பொறு மகன். அவள் முழுதாகச் சொல்லி முடிக்கட்டும், பிறகு பாய்.

சரி, வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். இறுதி ஆட்டம் சேர்ட பிள்ளைகளுக்கும் காரைதீவுப் பிள்ளைகளுக்கும். பின்னேரத்து அஸர் தொழுத கையோடு தொடங்குவதாகத்தான் ஏற்பாடு. எங்கள் ஆட்களைத் தெரியாதா உனக்கு? ஒலிபெருக்கி வந்தது, மேடை வந்தது, பெரிய மனிதர்கள் வந்தார்கள், பொன்னாடை வந்தது. ஒருவர் எழும்பி "ஜவாத் சேருக்கு நீண்ட பேச்சுப் பிடிக்காது" என்று தொடங்கி அதை நீட்டி முழக்கிப் பேசினார். அடுத்தவர் எழும்பி, முன்னர் பேசியவர் சொன்னதையே திரும்பச் சொன்னார். பிள்ளைகள் மணலில் நின்று கால் மாற்றிக் கால் மாற்றிப் பார்க்கிறார்கள், வெயில் மேற்கே சாய்ந்துகொண்டே போகிறது. றஹீமா மாமி என் காதுக்குள் "மவுத்தானவரே எழும்பி வந்து போதும் எண்டு செல்லப்போறாரு கா" என்றாள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. கடைசியில் பந்து உருளத் தொடங்கியபோது நன்றாகப் பிந்திவிட்டது. ஆனால் என்ன ஆட்டம் மகன்! அவர்கள் ஒன்று போட்டார்கள், எங்கள் பிள்ளைகள் ஒன்று திருப்பிப் போட்டார்கள். கோலுக்குள் நிற்பது உன் தம்பி சப்ரி. ஒவ்வொரு பந்துக்கும் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. முடியப்போகிற நேரம் எங்கள் பிள்ளை ஒருவனின் கையில் பந்து பட்டது. பெனல்டி. நடுவர் பந்தை எடுத்து வைத்தார், காரைதீவுக் கோபி பின்னால் போய் நின்றான், சப்ரி கையைத் தட்டிக்கொண்டு நின்றான். அந்த நேரம் பள்ளிவாசலில் மஃரிப் தொழுகைக்கு அழைத்து வாங்கு சொன்னது.

நடுவர் யாரென்று சொல்லவில்லையே, நம்முடைய ரவிதான். காரைதீவிலிருந்து சைக்கிளில் வந்து உன்னோடு சேரிடம் பந்து படித்தவன். அவன் கையை உயர்த்திப் பந்துக்குப் பக்கத்தில் நின்றுவிட்டான். சனம் விடுமா? "ஒரே ஒரு உதைதானே, உதைச்சிட்டுப் போகட்டும்" என்று எங்கள் பக்கத்திலேயே கத்தினார்கள். அவர்கள் பக்கத்தில் ஒருவர், "வாங்கு உங்களுக்கு நல்ல வாய்ப்பாப் போச்சு" என்று முணுமுணுத்தார். அது எங்கள் இளந்தாரிகளுக்கு உறைத்துவிட்டது. தாங்களாகவே ரவியிடம் போய், "அண்ணன், உதைக்க விடுங்க, எங்களுக்குப் பேர் கெட்டுப்போகும்" என்று நின்றார்கள். ரவி அசையவில்லை. "சேர்ட விளையாட்டுல வாங்கு கேட்டா பந்து நிக்கும். கோயில் மணி கேட்டாலும் நிக்கும். எங்கட அம்மன் ஊர்வலம் போகேக்க சேர் எத்தின தரம் விளையாட்ட நிப்பாட்டினவர்? நான் அவரிட்டப் படிச்சதே இதுதான்" என்றான். எங்கள் ஆண்களெல்லாம் தொழப் போனார்கள். தொழுது முடிந்து பார்த்தால் கும்மிருட்டு, கடற்கரையில் விளக்கும் இல்லை. ரவி ஒரு தேங்காய்ச் சிரட்டையைப் பந்து இருந்த இடத்தில் கவிழ்த்துப் புதைத்தான். "நாளைக்கு அஸருக்குப் பொறகு இந்த ஒரு உதை. உள்ள போனாக் கிண்ணம் காரைதீவுக்கு. போகாட்டி ரெண்டு ஊரும் அரை வருசம் அரை வருசம் வச்சிருங்க" என்று சொல்லி எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பினான். சேரைப் புகழ்ந்து பேசியே சேர்ட சட்டத்தால் ஆட்டத்தை நிறுத்திவிட்டார்கள், பார்த்தாயா? அவர் இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பார்.

மகன், இந்த ஊர் அப்படியொரு சனிக்கிழமையைக் கண்டதில்லை. விடிய சுபஹ் தொழுதுவிட்டு வந்த மௌலவி எங்கள் வாசலில் நின்று, "வலப் பக்கம் பாயச் செல்லுங்க, வலதுல பறக்கத், நல்ல பாக்கியம் இரிக்கி" என்று சொல்லிவிட்டுப் போனார். மீன் விற்கிறவன் தராசைக் கையில் பிடித்துக்கொண்டே, கோபி இடக்காலன், அதனால் இடப் பக்கம்தான் என்று சத்தியம் செய்தான். உன் வாப்பா வலப் பக்கம் என்று ஒரு தரமும் இடப் பக்கம் என்று ஒரு தரமும் சொல்லி, இரண்டுக்கும் காரணமும் சொன்னார். சப்ரி சோற்றுக்கு முன்னால் குந்திக்கொண்டு என்னைப் பார்த்தான். "உம்மா, நீங்க ஒண்டும் செல்லலியே." எனக்கென்ன தெரியும் மனே, சாப்பிடு என்றேன். கடற்கரையில் வள்ளம் இழுத்தவர்கள் அந்தச் சிரட்டையில் படாமல் சுற்றி வளைத்து இழுத்துப் போனார்களாம். அஸருக்குப் பிறகு பார்த்தால் ஆட்டத்துக்கு வந்ததைவிடக் கூடச் சனம். கடலை, சம்மூசா, ஐஸ்பழம் எல்லாம் வந்துவிட்டது. காரைதீவுப் பிள்ளைகள் ட்ரெக்டர் பெட்டியில் முழு ஜேர்ஸியோடு வந்து இறங்கினார்கள். உதைக்கப்போகிறவன் ஒருவன், அவனுக்காக மற்ற எல்லாரும் உடம்பைச் சூடாக்கினார்கள்! அவர்களுடைய தாய்மாரும் வந்திருந்தார்கள், எங்களுக்குப் பக்கத்திலேயே நின்றார்கள். ரவி மேடைப் பக்கம் பார்த்துக் கும்பிட்டு, "இண்டைக்குப் பேச்சு வேணாம்" என்றான். அதற்குத்தான் அன்றைக்குப் பெரிய கைதட்டல்.

நான் பெண்கள் பக்கத்தில் முன்வரிசையில் நின்றேன். கோபி பின்னால் நடந்தான். சப்ரி கோலுக்குள் சின்னப் பிள்ளைபோலத் தெரிந்தான். நான் கோலுக்கு முதுகைக் காட்டித் திரும்பிவிட்டேன். சேரை நினைத்தெல்லாம் திரும்பவில்லை, பெற்ற வயிறு தாங்காமல் திரும்பினேன். திரும்பினால் எனக்கு நேரே றஹீமா மாமி. அவளுடைய போனில்தானே நீ இருந்தாய். கமராவை மாற்றத் தெரியாமல் போனின் கண்ணாடியையே கோல் பக்கம் திருப்பி, இரண்டு கையாலும் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு நின்றாள். சின்னக் கண்ணாடிக்குள் உன் முகம். வேலைத்தலத்து மஞ்சள் தொப்பி, பின்னால் ஏதோ இரும்புக் குழாய்கள். சேர் மவுத்தாகியதிலிருந்து பந்தைப் பற்றிக் கதைக்கவே வேண்டாம் என்றவன், வேலைக்கு இடையில் ஒளிந்து நின்று கண்ணை விரித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறாய்! ரவி விசில் ஊதினான். உன் தோள் மெல்லச் சாய்ந்து, சாய்ந்த இடத்திலேயே நின்றது. உன் வாய் என்னவோ முணுமுணுத்தது. உதைத்த சத்தம் கேட்டது. உன் முகம் பூத்தது மகன். வேறு சொல் எனக்குத் தெரியவில்லை. வாய் முழுக்கச் சிரிப்பு, கண்ணில் தண்ணீர், கையை மேலே எறிந்ததில் தொப்பி கழன்று போனது. அந்த முகத்தைக் கண்டவளுக்கு வேறென்ன சாட்சி வேண்டும்? என் பிள்ளை பிடித்துவிட்டான் என்று இரண்டு கையையும் தூக்கிக் குரவை போட்டேன். கலியாண வீட்டில் போடுகிற குரவை, கடற்கரை முழுக்கக் கேட்டது.

அது உள்ளே போன பந்து.

கிண்ணம் காரைதீவுக்குப் போய்விட்டது, நம்முடைய சனமெல்லாம் தலையில் கை வைத்துக்கொண்டு நிற்கிறது, தோற்ற பிள்ளையின் தாய் நடுவில் நின்று குரவை போடுகிறாள். காரைதீவுத் தாய்மார் தங்களுக்காகத்தான் போடுகிறேன் என்று நினைத்துவிட்டார்கள். மனம் குளிர்ந்து அவர்களும் சேர்ந்து குரவை போட்டார்கள். இனி நான் எங்கே நிறுத்துவது? சப்ரி மணலில் முகம் புதைத்துக் கிடந்தவன், தலையைத் தூக்கிப் பார்த்து, என்னைக் கண்டு, அழுகிறானா சிரிக்கிறானா என்று தெரியாமல் உருண்டான். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். வென்றவர்கள் தோற்றவர்களுக்கு முதலில் பிளேன்டி கொடுக்க வேண்டும் என்ற சேர்ட வழக்கப்படி கோபியே தேத்தண்ணிக் கோப்பையைக் கொண்டுவந்து உன் தம்பியிடம் கொடுத்தான். அடுத்த கோப்பையை என்னிடம் நீட்டி, "அம்மா, நீங்க எங்கட ஊருக்கே வந்திருங்க" என்றான். இன்றுவரை சந்தைக்குப் போகவிடாமல் ஊர் என்னைப் பகிடி பண்ணுகிறது. தயிர்க்காரன் நேற்றும் கேட்டான், "இன்னொரு தரம் போடுங்களன் மாமி." உன் வாப்பாவுக்கு வெட்கம், எனக்கு ஒன்றுமில்லை.

அன்று வீட்டுக்கு வந்ததும் உன்னைப் போனில் பிடித்து ஏசினேன், ஞாபகம் இருக்கிறதா? "பந்து உள்ள போனதுக்கு ஏன்டா பல்லக் காட்டினாய்?" நீ அப்போதும் மூச்சு வாங்கிக்கொண்டுதான் சொன்னாய்: "உம்மா, தம்பி பொறுத்தான் உம்மா. கோபி உதைக்கிற வரைக்கும் அசையல்ல. சரியான பக்கம் போனான், விரல்ல பட்டுத்தான் போனது. இனி அவன ஒருத்தருக்கும் ஏமாத்த ஏலா." கிண்ணம் போனதைப் பற்றி உன் வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. அதைக் கேட்டதும் நான் போனைக் கையில் வைத்துக்கொண்டு பேசாமல் இருந்தேனே, லைன் அறுந்துவிட்டது என்று நீ நினைத்தாய். லைன் அறவில்லை மகன். எனக்கு நம் வீட்டுப் பின்வளவு ஞாபகம் வந்தது. நீ கட்டாருக்குப் போகுமுன் தம்பியை முருங்கை மரத்துக்கும் கிணற்றுக்கும் நடுவில் நிறுத்தி, ஓடி வந்து, பந்துக்குப் பக்கத்தில் குனிந்து, இல்லாத சப்பாத்துக் கயிற்றைக் கட்டுவாயே. செருப்புக் காலோடு! சப்ரிக்குப் பொறுக்கச் சொல்லிக்கொடுத்தது சேர் இல்லை. அவன் சேரிடம் போய்ச் சேரும்போது சேருக்கு ஓடி வர மூச்சு இருக்கவில்லை. அதைச் சொல்லிக்கொடுத்தவன் நீ.

சேர்ட ஜனாஸா அடக்கத்துக்கு வரக் கிடைக்கவில்லை என்று நீ அழுததை நான் மறக்கவில்லை. நானும் அழுதேன், இன்னும் அழுகிறேன், ஜேர்ஸித் துணியைக் கண்டால் போதும். அவர் நின்ற இடத்தில் நிற்க உனக்குப் பயம். அவர் மாதிரி நீ இல்லை என்கிறாய். இல்லைதான். அவர் உயரமுமில்லை, உன்னைப்போலக் கறுப்புமில்லை, பெண்பிள்ளைபோலச் சிணுங்கவும் மாட்டார். ஆனால் ஒன்று சொல்கிறேன். அவர் பார்த்த பக்கத்தை ஒரே ஒரு தரம் நானும் பார்த்தேன். அத்தனை முகமும் பந்தோடேயே உள்ளே போயின. ஒரு முகம் மட்டும் கோலுக்குள் நின்ற பிள்ளையோடு நின்றது. சேர் இருந்திருந்தால் அந்த இடத்திலேயே ஆளை எடுத்திருப்பார், சைக்கிளை நேரே நம் வீட்டுக்கு விட்டிருப்பார், உன் விருப்பத்தைக் கேட்டிருக்க மாட்டார்.

நானும் கேட்கவில்லை. பயிற்றுநர் போடுகிற மேற்சட்டைக்கு நீலத் துணி வாங்கி வைத்திருக்கிறேன், இன்னும் வெட்டவில்லை. உன் பழைய அளவு என்னிடம் இருக்கிறது, அது வேலியில் தொங்கியவனின் அளவு. கட்டார்ச் சோற்றில் தோள் அகன்றிருக்கும். வந்து என் முன்னால் நில் மகன், அளவெடுக்க வேண்டும்.

உன் உம்மா